அம்போசெலியில் பெண் பார்த்தோம்

லண்டனுக்குள்ளேயே கிங்ஸ்பரியிலிருந்து டூட்டிங்குக்கு ஒருதரம் ரெயில் மாறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நாங்கள் கென்யா வழியாகப் போனோம். டூட்டிங்கில் இருக்கிற ஒரு பெடியனும் கிங்ஸ்பரியில் இருக்கிற என் மகளும் தற்செயலாகச் சந்திக்க வேண்டும் என்பதற்காக எட்டரை மணித்தியாலம் விமானத்தில் குந்தியிருந்த குடும்பங்கள் உலகத்தில் இரண்டுதான் இருக்கும். அதில் ஒன்று என்னுடையது.

ஏன் இந்த விசர் வேலை என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எல்லோருக்கும் சங்கடம். அதனால் கோயிலில் வைத்து, எதிர்பாராமல் கண்டது மாதிரிப் பார்த்துக்கொள்வது. போன வருடம் லூயிஷாம் சிவன் கோயிலில் அப்படி ஒன்று ஒழுங்கு செய்தோம். பெடியன் பகுதியில் பதினொரு பேர் வந்தார்கள். நவக்கிரகத்தைச் சுற்றுகிற சாட்டில் என் மகளைச் சுற்றினார்கள். அவளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தார்கள். சனிக்கிழமை வேண்டாம் என்றார்கள். திங்கட்கிழமை நான் பஸ் டிப்போவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, இன்னொரு தமிழ் டிரைவர் வந்து தோளில் தட்டி, “கவலைப்படாதேங்கோ அண்ணை, வேற இடம் வரும்” என்றான். அதே நாள், மகள் வேலை செய்கிற பார்மசிக்கு மருந்தெடுக்க வந்த ஒரு மனிசியும் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். தன்னை யாரோ பார்த்ததும், பார்த்துவிட்டு வேண்டாம் என்றதும் பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு மகள் ஆரணி வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்பா, இனி எனக்குச் சொல்லாமல் என்னை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ.” அவளுக்கு இருபத்தொன்பது வயது. நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை முறித்துக்கொண்டுதான் நைரோபியில் இறங்கினேன். என் திட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆபிரிக்காவில் எங்களைத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. சரிவந்தால், பிள்ளைகள் தாங்களாகவே விரும்பினார்கள் என்று சொல்லலாம். சரிவராவிட்டால், யானை பார்த்தோம் என்று திரும்பி வரலாம். ஆரணிக்குச் சின்ன வயதிலிருந்தே யானைகள் நடமாடுகிற காடு பார்க்க ஆசை. ரிக்கெற்றைக் காட்டியபோது, “அப்பா, நீங்க சரியா மாறீட்டீங்க” என்று கட்டிப்பிடித்தாள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

என் மனைவி சறோ மட்டும் பயந்துகொண்டே வந்தாள். “பிள்ளை அறிஞ்சாள் எண்டால் எங்களோடை கதைக்கவே மாட்டாளப்பா.”

“நீர் வாயைத் திறக்காட்டி அவள் எப்பிடி அறியப்போறாள்?” என்றேன்.

முதல் நாள் காலை, எங்களை அம்போசெலி வனவிலங்குப் பூங்காவுக்குக் கொண்டுபோக, நைரோபியில் நாங்கள் தங்கிய இடத்து வாசலில் கூரை திறக்கிற சஃபாரி வான் நின்றது. அதற்குள் டூட்டிங் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது. பெடியன் நிரோசன், முப்பத்திரண்டு வயது, கண்ணாடி, கண் பரிசோதிக்கிற வேலை, பொருத்தம் ஏழு. பக்கத்தில் அவனுடைய தாய் பவளம் அக்கா. தகப்பன் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். பெடியனுக்கும் ஒன்றும் தெரியாது. தாய்க்கு யானை பார்க்க ஆசையாம், அதற்காக லீவு எடுத்துக் கூட்டிவந்திருக்கிறான்.

“அட, நீங்களும் தமிழே!” என்று பவளம் அக்கா நெஞ்சில் கை வைத்தா.

“ஓம், கிங்ஸ்பரி” என்றேன்.

“நாங்கள் டூட்டிங். பாருங்கோவன், உலகம் எவ்வளவு சின்னன்!”

நுளம்புக்குப் பூசுகிற கிறீம் எடுத்தாயிற்றா என்று கேட்டு முந்தின நாள் இரவுதான் அந்த மனிசி எனக்குப் போன் எடுத்தவ. நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு. மகள் நம்பிவிட்டாள்.

டிரைவரின் பெயர் ஜோசப். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. ஆரணியை நடு சீற்றில் இருத்தி, நிரோசனைப் பக்கத்து சீற்றில் இருத்தி, தாய்மார் இரண்டு பேரையும் பின்னுக்கு அனுப்பி, என்னை முன்னுக்கு ஏற்றினார். இருக்கை ஒழுங்கு இவ்வளவு வாய்ப்பாக அமைந்ததைப் பார்த்து, பிள்ளையார் எங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் லண்டனில் இருபத்திரண்டு வருடமாகச் சிவப்பு பஸ் ஓட்டுகிறவன். என்னை இன்னொருவன் ஓட்டுகிற வாகனத்தில் முன் சீற்றில் இருத்துவது பாவம். கென்யாவிலும் வாகனங்கள் இடப்பக்கத்தால்தான் போகின்றன என்றார்கள். பெரும்பாலும் போகின்றன. எதிரே ஒரு மினி பஸ் இன்னொரு மினி பஸ்ஸை முந்த, அதை ஒரு லொறி முந்த, மூன்றும் எங்களைப் பார்த்து வரும்போது ஜோசப் ஒரு கையால் மண்டாசி என்கிற எண்ணெய்ப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து எனக்கு வலது கால் விறைத்துப்போனது.

“உங்களுக்குக் காலில் ஏதும் வருத்தமா?” என்று ஜோசப் கேட்டார்.

“தொழில்” என்றேன்.

மத்தியானம் தெருவோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நிறுத்தினார். சப்பாத்தி, அவரை விதைக் கறி, பாலிலேயே காய்ச்சிய தேத்தண்ணி. சப்பாத்தியைப் பிய்த்து வாயில் வைத்தபோது சறோவும் பவளம் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருடைய கைப்பக்குவத்தையும்விட அந்தக் கடையின் கைப்பக்குவம் நன்றாயிருந்தது. ஆனால் பெண் பகுதி, மாப்பிள்ளைப் பகுதி என்று வந்துவிட்டால் பலகாரம் இல்லாமல் முடியாதே! சறோ பையிலிருந்து ஒரு ரின்னை எடுத்தாள். அதே நேரம் பவளம் அக்காவும் ஒரு ரின்னை எடுத்தா. இரண்டுக்குள்ளும் பயித்தம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம்.

ஆரணி இரண்டு ரின்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “அன்ரி, நீங்களும் சஃபாரிக்கு அரியதரம் கொண்டு வந்தனீங்களா?”

“வழியில பசிச்சால் எண்டு, பிள்ளை” என்றா பவளம் அக்கா. சறோவின் அரியதரத்தில் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, அதற்குமேல் ஒன்றையும் தொடவில்லை. மாப்பிள்ளையின் தாய் என்கிற கெத்து. சப்பாத்தியில்கூட ஒரு மூலையைத்தான் கிள்ளிச் சாப்பிட்டா.

இரண்டாம் நாள் விடியற்காலை ஆரணி எங்கள் அறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். வெளியே வந்தால், கிளிமஞ்சாரோ நிற்கிறது. முதல்நாள் பின்னேரம் அந்தப் பக்கம் வெறும் முகில்தான் இருந்தது. இப்போது இவ்வளவு பெரிய மலை, தலையில் பனியோடு, இரவோடு இரவாகக் கொண்டுவந்து வைத்த மாதிரி. மலை இருப்பது தன்சானியாவிலாம். பார்ப்பது கென்யாவிலிருந்து. பக்கத்து வீட்டு மாமரம் எங்கள் முற்றத்தில் நிழல் தருவது போல என்று சறோ சொன்னாள்.

அன்று யானைகளைக் கண்டோம். நான் எதிர்பார்த்தது ஒன்றிரண்டு. வந்தது ஒரு ஊர்வலம். சதுப்பு நிலத்துக்குள் வயிறு வரைக்கும் இறங்கி நின்று புல்லைப் பிடுங்கித் தின்றுவிட்டு, ஒரு கிழட்டுத் தாய் யானை முன்னுக்கு நடக்க, மற்றவை பின்னுக்கு, குட்டிகள் நடுவில். முதுகுகளில் கொக்குகள். ஜோசப் வானை நிறுத்தினார். தாய் யானை எங்களுக்குப் பத்தடி முன்னால் வீதியைக் கடந்தது. அவ்வளவு பெரிய உடம்பு, காலடிச் சத்தமே இல்லை. ஆரணி என் சேர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னத்தால் கண்ணீர் வழிந்தது.

“தாங்க்ஸ் அப்பா” என்றாள், யானையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பயணம் முழுக்க முதல்தடவையாக, நான் செய்துகொண்டிருப்பது என்ன வேலை என்று யோசித்தேன். உண்மையைச் சொல்ல நல்ல நேரம் அது. நான் போட்டோ எடுத்தேன்.

பின்னேரம் மசாய் மக்களின் ஊரொன்றுக்குப் போனோம். முள்வேலி வட்டம், நடுவில் மாடுகளுக்கு இடம், சுற்றிவரச் சாணியும் மண்ணும் பூசிய சின்ன வீடுகள். வீடு கட்டுவது பெண்கள் வேலையாம். பெண்கள் பாட, சிவப்புப் போர்வை போர்த்த ஆண்கள் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். நிரோசனையும் இழுத்துவிட்டார்கள். அவன் குதித்தது அரையடி, கண்ணாடி பறந்தது ஆறடி. ஆரணி ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தாள். பின்னால் இரண்டு தாய்மாரும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டதை நான் கண்டேன்.

எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவர் நல்ல இங்கிலீஷ் பேசுகிற ஒரு மசாய் இளந்தாரி. தான் கலியாணம் கட்டுவதற்காக மாடு சேர்ப்பதாகச் சொன்னார். பெண்ணின் தகப்பனுக்கு மாடு கொடுக்க வேண்டுமாம். பிறகு என்னிடம், “உங்கள் ஊரில் பெண்ணுக்கு எத்தனை மாடு?” என்று கேட்டார்.

“எங்களில் மாப்பிள்ளை பகுதி கொடுப்பதில்லை. பெண் பகுதிதான் சீதனம் கொடுக்க வேண்டும்” என்றேன்.

அவர் நின்றுவிட்டார். “பெண்ணையும் கொடுத்து மாடும் கொடுப்பீர்களா?”

“ஓம்.”

அவர் ஆரணியை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, “அப்படியென்றால் அந்தப் பெண்களில் ஏதாவது பிழை இருக்குமா?” என்று கேட்டார்.

மெதுவாகக் கேட்டதாக அவர் நினைப்பு. ஆரணி சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த கன்று மிரண்டது. நிரோசனும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பவளம் அக்கா மட்டும் வேலி முள்ளைக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தா.

மூன்றாம் நாள்தான் கோதாரி பிடித்த நாள். காலையில் ஜோசப்புக்கு வோக்கிடோக்கியில் செய்தி வந்தது. சிங்கம்! ஆணும் பெண்ணுமாக இரண்டு, வீதிக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தன. எங்களுக்கு முன்னம் வேறு வான்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தன. ஜோசப் வானை ஓரமாக்கினார். ஏதோ சீறுவது போலச் சத்தம் கேட்டது. சறோ என் தோளைப் பிடித்தாள்.

“சிங்கமோ?”

“ரயர்” என்றேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? பின் இடப்பக்கச் சில்லு, சிங்கம் இருந்த பக்கம்.

இறங்கி மாற்ற முடியாது. வானை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன். ஜோசப் வோக்கியை எடுத்து உதவி கேட்டார். சுவாகிலியில் கடகடவென்று பேசிக்கொண்டு போனவர், நடுவில் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைப் போட்டார். “வெடிங்.”

ஆரணி நிமிர்ந்தாள். “யாருக்கு வெடிங்?”

ஜோசப் மலர்ந்த முகத்தோடு திரும்பி, பவளம் அக்காவைக் கையால் காட்டினார். “உங்கள் இரண்டு பேருக்கும்தான்! மம்மா முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டா. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்து, கலியாணம் பேச வந்திருக்கிறோம் என்று. வாழ்த்துக்கள்!”

நான் முன் கண்ணாடிக்குள்ளால் கிளிமஞ்சாரோவைப் பார்த்தேன். அதுவும் முகிலுக்குள் போய்விட்டிருந்தது.

முதலில் வெடித்தவன் நிரோசன். “அம்மா! யானை பாக்கோணும், சாகமுதல் ஒருக்கா பாக்கோணும் எண்டெல்லோ அழுதீங்கள்?”

“யானையும் பாத்தனான்தானே ராசா” என்றா பவளம் அக்கா, மெல்லிய குரலில்.

ஆரணி எழும்பிவிட்டாள். வீட்டில் கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்துவாள். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு யாரும் கிட்டப் போவதில்லை. இங்கேயும் பழக்கத்தில் கதவுப் பிடியில் கை வைத்தாள். ஜோசப், “மேடம், வேண்டாம்!” என்று கத்தினார். ஆண் சிங்கம் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. அவள் திரும்ப உட்கார்ந்தாள். அந்த வானுக்குள் கோபிக்கலாம், வெளியே போகத்தான் ஏலாது.

பிறகு அவள் இங்கிலீஷில் பேசினாள். நான் தமிழில் தருகிறேன். சூடு குறைந்திருந்தால் என் பிழை.

“நான் யானைக்கு முன்னால் நின்று உங்களுக்கு நன்றி சொன்னேன், அப்பா. நீங்கள் பேசாமல் நின்றீர்கள். என் தலையில் கை வைத்துச் சொன்னீர்கள், இனிச் சொல்லாமல் செய்ய மாட்டேன் என்று.”

“லண்டனில எண்டால் சனம் கதைக்கும் பிள்ளை” என்றேன். “சரிவராட்டியும் ஒருத்தருக்கும் தெரியாமல் போகட்டும் எண்டுதான். உனக்காகத்தான்.”

“யாருக்கு வெட்கம் வரக்கூடாது என்று இவ்வளவு தூரம் வந்தீர்கள்? எனக்கா, உங்களுக்கா?”

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துப் பெண் சிங்கம் எழும்பி, ஆண் சிங்கத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, எங்கள் கண்ணுக்கு நேரே படுத்துக்கொண்டது. ஆண் சிங்கம் எழும்பியது. பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. சம்பந்தி ஆக வேண்டிய இரண்டு குடும்பங்கள் சேர்ந்திருந்து பார்க்கிற காட்சி அல்ல அது. சறோ, இருபத்தொன்பது வயதுப் பார்மசிஸ்டைப் பார்த்து, “பிள்ளை, கண்ணை மூடு!” என்றாள். பவளம் அக்கா முருகனைக் கூப்பிட்டா. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

ஜோசப் மட்டும் உற்சாகமாக விளக்கம் சொன்னார். “இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. மூன்று நாலு நாளைக்கு இப்படித்தான். ஆனால் முடிவு அவளுடையது. அவளுக்கு விருப்பமில்லை என்றால் முகத்திலேயே ஓர் அறை.”

உதவி வர இரண்டு மணித்தியாலம் ஆனது. கணக்கை நீங்களே பாருங்கள்.

காவலர்களின் ஜீப் வந்து சத்தம் போட, சிங்கங்கள் அலுப்போடு எழும்பிப் புல்லுக்குள் போயின. ஜீப் மறைவில் நின்று நானும் நிரோசனும் ஜோசப்போடு சேர்ந்து சில்லை மாற்றினோம். “சொறி அங்கிள்” என்றான் பெடியன். அவன் ஏன் மன்னிப்புக் கேட்கிறான் என்று எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஆரணி ஜன்னல் பக்கம் திரும்பியபடியே இருந்தாள். சறோ பயந்தது நடந்துவிட்டது. அதற்குப் பிறகு மகள் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மத்தியானம் உப்பு வேண்டுமென்றால் தாயிடம் கேட்டாள். உப்பு என் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

இரவுச் சாப்பாட்டில் பவளம் அக்கா தொண்டையைச் செருமினா. எல்லாம் வெளியே வந்துவிட்ட பிறகும் அந்த மனிசிக்கு முறை என்றால் முறைதான். “அப்ப தம்பி, உங்கடை பக்கத்து முடிவு என்ன?” என்று என்னைக் கேட்டா.

வழக்கம்போல “வீட்டில கதைச்சுச் சொல்லுறம்” என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன். “என்னட்டைக் கேக்காதேங்கோ அக்கா. பிள்ளை இதிலதான் இருக்கிறா. அவவைக் கேளுங்கோ.”

ஆரணி பவளம் அக்காவைப் பார்த்து, தமிழில் சொன்னாள். “அன்ரி, நிரோசன் நல்ல ஆள். ஆனால் எனக்கு விருப்பம் இல்லை.”

“தாங்க்ஸ்” என்றான் நிரோசன். நல்ல ஆள் என்றதற்கா, விருப்பமில்லை என்றதற்கா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பவளம் அக்கா பெரிய மூச்சொன்று விட்டு, சாப்பாட்டுக் கோப்பையை முன்னுக்கு இழுத்தா. “சரி. அப்ப நான் இனி வடிவாச் சாப்பிடப்போறன். மூண்டு நாளாப் பட்டினி.” வாட்டிய ஆட்டிறைச்சி, கீரை, உகாளி என்கிற வெள்ளைச் சோளக் களி என்று இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டா. சறோவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு ரின்களும் மேசைக்கு வந்தன. சறோவின் அரியதரம் கல்லு மாதிரி இருக்கிறது என்று பவளம் அக்கா முகத்துக்கு நேரே சொன்னா. மூன்று நாளாக அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறா.

நாலாம் நாள் நைரோபிக்குத் திரும்பினோம். அதே வான், அதே ஆட்கள், ஆனால் ஆளுக்கு விருப்பமான சீற்றில். நிரோசன் பின்னுக்குப் போய் வாயைத் திறந்துகொண்டு நித்திரை. தாய்மார் இரண்டு பேரும் மூச்சு விடாமல் கதை. ஆரணி எனக்கு நேர் பின்னால், ஒரு சொல்லும் இல்லாமல். பெரிய வீதிக்கு வந்ததும் என் போனுக்குச் சிக்னல் வந்தது. வந்த அடுத்த நிமிடம் அடித்தது.

என் தங்கச்சி மல்லிகா, வெம்பிளியிலிருந்து. அவளுக்கு ஒரு செய்தி போனால் அது ஹரோ தாண்டி லண்டன் தமிழ்ச் சனம் முழுக்கப் பரவ ஒரு பகல் தேவையில்லை.

“அண்ணை, என்ன சத்தத்தைக் காணேல்லை? ஹொலிடேயோ, வேற ஏதும் விசயமோ? ஆரோ டூட்டிங் ஆக்களும் அங்கை நிக்கினம் எண்டு கேள்விப்பட்டன்.”

எட்டரை மணித்தியாலம் பறந்து, யானைக்கும் சிங்கத்துக்கும் நடுவில் ஒளித்து வைத்த விசயம்! மல்லிகா என்ன கேட்பாள் என்று தெரிந்த சறோ பின்னாலிருந்து, இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினாள். கண்ணாடியில் ஆரணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் மல்லிகா” என்றேன். “ஆரணிக்கு ஒரு இடம் பாக்க வந்தனாங்கள். அவவுக்குச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்தன். பாத்தது. பிள்ளை வேண்டாம் எண்டிட்டா.”

மல்லிகா குரலைத் தாழ்த்தி, “ஐயோ அண்ணை, மெல்லக் கதையுங்கோ, ஆக்கள் கேக்கப் போகினம். பிள்ளைக்கெல்லோ வெக்கம்” என்றாள்.

“பிள்ளைக்கு என்ன வெக்கம்? அவ ஒரு பிழையும் செய்யேல்லை. வெக்கம் எனக்குத்தான். எனக்கு வெக்கம் வரப்படாது எண்டுதான் பிள்ளையை ஏமாத்தி இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனான்.”

தாய்மார் இரண்டு பேரும் முன்னுக்கு எட்டிப் பார்த்தார்கள். நிரோசன்கூட எழும்பிவிட்டான். பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் வந்து விழுந்தது.

“அப்பா” என்றாள் ஆரணி. “ஸ்பீக்கரில போடுங்கோ. மாமிக்கு மிச்சத்தை நானே சொல்லுறன்.”

போட்டேன்.